ஒரு மண்டலத்து விமானி

அக்டோபர் 5, ஞாயிறு

இது விமானிகள் பறந்த நேரத்தை எழுதிவைக்கும் ஏடு. எனக்கு விமானம் ஓட்டச் சொல்லித்தரும் டேல் போன மாதம் கொடுத்தார். புறப்பட்ட இடம், இறங்கிய இடம், காற்றின் வேகம் எல்லாம் கட்டம் கட்டமாக எழுத வேண்டும். முன்பக்கத்தில் அதை ஒழுங்காக எழுதிவருகிறேன். பின்பக்கத் தாள்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. கதை அளக்க எனக்கு அது போதும்.

இன்று இறங்கியதும் டேல், "கோ, நீ தனியாகப் பறக்கத் தயார்" என்றார். கோமதிநாயகம் என்ற பெயரைக் கான்சாஸ்காரர்களின் வாய் தாங்காது. பாதியில் பெண் பெயராகிவிடும் என்பதால் நானே ஓரெழுத்தில் நிறுத்திக்கொண்டேன். இந்த விச்சிட்டா ஊரில் விமானத்தின் வயிற்றுப் பகுதிக்கு அடிக்கும் ரிவெட்டுகளைச் சரிபார்ப்பது என் உத்தியோகம். கோவில்பட்டியிலிருந்து கிளம்பி வந்து பதினாறு வருஷமாக அடுத்தவன் பறக்க ஆணி எண்ணியாயிற்று. நாற்பத்தைந்து வயதில் நாமும் பறந்தால் என்ன என்று கிளம்பியிருக்கிறேன். ஆசை இருக்கிறது தாசில் பண்ண.

தனியாகப் பறக்க மருத்துவச் சான்றிதழ் வேண்டுமாம். "உடம்பில் ஒன்றும் கோளாறு இல்லையே?" என்று டேல் கேட்டார். இரும்பு என்றேன்.

வீட்டுக்கு வந்து செண்பகத்திடம் சொன்னேன். மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"தனியாவா?"

"தனியாத்தான்."

"அப்ப சரி. நானும் பிள்ளையும் ஏற வேண்டாம்ல."

என் மனைவிக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

அக்டோபர் 8, புதன்

சான்றிதழுக்கான விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்ப உட்கார்ந்தேன். வலிப்பு உண்டா, இல்லை. மயக்கம் உண்டா, இல்லை. இதயம், சிறுநீரகம், காசம், எல்லாம் இல்லை. இல்லை இல்லை என்று தட்டிக்கொண்டே போகையில் எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. அப்போதுதான் அந்தக் கேள்வி. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக வாழ்நாளில் எப்போதாவது கைதானது உண்டா?

இந்த ‘எப்போதாவது’ ஒரு நாகரிகமற்ற சொல். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு தீபாவளி. நண்பன் முரளி வீட்டிலிருந்து திரும்பும்போது எங்கள் தெருவிலேயே ஒரு தபால் பெட்டியை இடித்துவிட்டேன். கான்சாஸ் முழுக்க எத்தனையோ தபால் பெட்டிகள் இருக்க, ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவருடையதைத் தேடிப்பிடித்து இடித்தது என் தனித்திறமை. மனிதர் நல்லவர். ரோந்து வண்டி வரும்வரை எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஊதச் சொன்னார்கள். சட்டம் பொறுத்துக்கொள்ளும் அளவைப்போல் இரண்டு மடங்குக்குமேல் வந்தது. அபராதம், வகுப்பு, ஒரு வருஷம் உரிமம் கிடையாது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. தபால் பெட்டிக்குத்தான் கழுத்து போயிற்று.

‘இல்லை’ என்ற கட்டத்தின்மேல் அம்புக்குறியை வைத்து யோசித்தேன். துணிக்கூடையோடு செண்பகம் பின்னால் நின்றிருந்ததைக் கவனிக்கவில்லை.

"ஆமான்னு போடுங்க."

"இதையெல்லாம் எவன் பாக்கப்போறான்?"

"நான் பாத்துட்டேன்ல."

ஆமாம் என்று போட்டேன். என் நேர்மையை நினைத்து இரவுச் சாப்பாட்டுக்குமுன் ஒரே ஒரு பெக்.

அக்டோபர் 14, செவ்வாய்

விமானிகளைப் பரிசோதிக்கும் டாக்டரைப் பார்த்தேன். கண் கழுகு, காது முயல், ரத்த அழுத்தம் இருபது வயதுப் பையனுடையது என்றார். இந்த வரியை அப்படியே செண்பகத்திடம் சொல்ல வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். பிறகு அந்தப் பழைய விவகாரத்துக்கு வந்தார். ஊதிய அளவைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"நான் உங்களை நிராகரிக்கவில்லை. தள்ளிவைக்கிறேன். முடிவை விமானத் துறை மேலிடம்தான் எடுக்கும்."

"ஒன்பது வருஷம் ஆகிவிட்டதே, டாக்டர்."

"இந்த அளவு உடம்பில் இருந்தும் உங்களால் கார் கதவைத் திறந்து, உட்கார்ந்து, இரண்டு மைல் ஓட்ட முடிந்திருக்கிறது. சாதாரண ஆளால் சாவியைக்கூடத் துவாரத்தில் நுழைத்திருக்க முடியாது. அதுதான் அவர்களுக்குக் கவலை."

நான் அதை இத்தனை நாள் என் திறமைக் கணக்கில் வைத்திருந்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மகள் பிரகதி எனக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் என்று காது முழுக்க ஊற்றினாள். மாலை வாசுதேவன் வீட்டில் விருந்து, எல்லாத் தமிழ்க் குடும்பமும் அங்கேதான். திரும்பும்போது வழக்கம்போல் செண்பகம் ஓட்டினாள். அவளுக்கு ஸ்டீயரிங்மேல் அப்படி ஒரு பிரியம். விருந்துக்குப் போனால் போகும்போதே சாவியை வாங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

தலைவலி. வானிலை மாறுகிறது.

நவம்பர் 2, ஞாயிறு

மேலிடத்திலிருந்து கடிதம். குடிப்பழக்கம் குறித்து இதற்கென்று உள்ள மனநல நிபுணர் ஒருவர் என்னை மதிப்பிட வேண்டுமாம். ஆள் கான்சாஸ் சிட்டியில் இருக்கிறார், மூன்று மணி நேர ஓட்டம். டாக்டர் நார்டின் என்று பெயர். அவருடைய உதவியாளர் நவம்பர் பத்தாம் தேதி வரச் சொன்னார்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. கார்த்திகை ஒன்றாம் தேதி நவம்பர் பதினேழில் வருகிறது. அன்று ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம், நாற்பத்தொரு நாள், ஒரு சொட்டு தொடமாட்டேன். ஏழு வருஷமாக இது நடக்கிறது. எந்தக் குடிகாரனால் முடியும்? ரத்தத்தைச் சோதித்தாலும் பஞ்சாமிர்தம்தான் வரும். பத்தாம் தேதி வேலை இருக்கிறது என்று சொல்லி டிசம்பர் 3 வாங்கிவிட்டேன்.

செண்பகத்திடம் இந்தச் சாமர்த்தியத்தை விளக்கினேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"பத்தாந்தேதி போனா என்னவாம்?"

பெண்களுக்குத் திட்டமிடுவதைப் பற்றி ஒன்றும் புரிவதில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

நாளை மாலை போடுகிறேன். விரத வீட்டில் பாட்டில் இருப்பது பாவம், சாக்கடையில் ஊற்றுவது அதைவிடப் பாவம். கராஜ் குளிர்பெட்டியைக் காலி செய்தேன். காலி செய்தேன் என்றால் முழுவதும்.

நவம்பர் 17, திங்கள்

சாமியே சரணம் ஐயப்பா. குருசாமி மாலை போட்டுவிட்டார். இனி எனக்கு அடித்தளத்தில் பாய், பச்சைத்தண்ணீர்க் குளியல், கருப்பு வேட்டி. விருந்து கொடுத்த அதே வாசுதேவன்தான் எங்கள் குருசாமி. செங்கோட்டைக்காரர், தொழில் பல் டாக்டர், பதினெட்டு முறை மலை ஏறியவர். மாலை போட்டபின் பெண்டாட்டி பிள்ளைகூட நம்மைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். செண்பகம் இன்று காலை, "சாமி, காபி" என்றாள். குரலில் வருஷத்தில் வேறெந்த நாளும் இல்லாத ஒரு குளிர்ச்சி. பக்திமான் அவள்.

நவம்பர் 19, புதன்

கை நடுக்கம். சட்டைப் பொத்தானைப் போடப் பிரகதியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. வேர்வை வேறு. கான்சாஸ் நவம்பரில் விடியற்காலை பச்சைத்தண்ணீரில் குளித்தால் யானைக்குக்கூட நடுங்கும்.

நவம்பர் 20, வியாழன்

தூக்கம் இல்லை. தொழிற்சாலைக்கு லீவு சொன்னேன். ஐயப்பன் சோதிக்கிறார்.

நவம்பர் 25, செவ்வாய்

நடுக்கம் போய்விட்டது. பசிக்கிறது. பிரகதிக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். கத்தாமல் சொல்லிக்கொடுத்தேன் என்பதை அவள் அம்மாவிடம் போய்ச் செய்தி வாசிப்பதுபோல் சொன்னாள். தெருவில் பனி தள்ளும் வேலையும் என்னுடையது. எங்கள் வாசலை முடித்துவிட்டு அந்தப் போலீஸ்காரர் வாசலையும் தள்ளிவிட்டேன். மனிதருக்கு எண்பது வயதாகிவிட்டது. கை காட்டினார். புதுத் தபால் பெட்டியைக் கருங்கல் தூணில் வைத்துக் கட்டியிருக்கிறார்.

டிசம்பர் 3, புதன்

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கருப்பு வேட்டியோடு போனால் பயந்துவிடுவார்கள் என்று கருப்புக் கால்சட்டை, கருப்புச் சட்டை, கழுத்தில் மாலை வெளியே தெரியும்படி. ஏழு வருஷத்து மாலை போட்ட படங்களையும் ஆல்பமாகச் செய்து எடுத்துப்போனேன். டாக்டர் நார்டின் அறுபதைத் தாண்டிய அம்மா. கம்பளிச் சட்டை, மேசையில் ஒரு கிண்ணம் வேர்க்கடலை. கோவில்பட்டிக்காரனுக்குக் கடலையைப் பார்த்தால் நம்பிக்கை வந்துவிடும். அவர் இங்கிலீஷில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

"இப்போது எவ்வளவு குடிக்கிறீர்கள்?"

"சுத்தமாகக் கிடையாது."

"எப்போதிலிருந்து?"

"நவம்பர் பதினேழிலிருந்து."

ஆல்பத்தைத் திறந்தேன். விரதத்தை விளக்கினேன். பாய், குளியல், சைவச் சாப்பாடு, பிரம்மச்சரியம், ஒன்றையும் விடவில்லை. அந்த அம்மா உண்மையாகவே ரசித்துக் கேட்டார்.

"அப்படியானால் ஏழு முறை குடியை நிறுத்தியிருக்கிறீர்கள்."

"ஏழு முறை" என்றேன், மார்பை நிமிர்த்தி.

"ஏழு முறை மறுபடி ஆரம்பித்திருக்கிறீர்கள்."

இந்தக் கோணத்தில் நான் பார்த்ததில்லை. ஒரு கடலையை எடுத்துக்கொண்டேன்.

"விரதம் முடிகிற அன்று என்ன செய்வீர்கள்?"

"கொண்டாடுவோம்."

"எப்படி?"

கடலையை மென்றுகொண்டே இருந்தேன். அவர் காத்திருந்தார். மெல்ல மெல்லக் கடலை தீர்ந்துவிட்டது.

"நிறுத்திய முதல் வாரம் உடம்பு எப்படி இருக்கும்?"

பச்சைத்தண்ணீர்க் குளியலைச் சொன்னேன். நடுங்கும், வேர்க்கும், தூக்கம் வராது, அப்புறம் சரியாகிவிடும், எங்கள் பக்தி அவ்வளவு கடுமையானது என்றேன். எழுதிக்கொண்டார். "மற்ற சாமிகளுக்கும் நடுங்குமா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். என்னோடு மாலை போட்டு அதே தண்ணீரில் குளிக்கிற மூர்த்தி குளித்துவிட்டு நேராக அலுவலகம் போகிறான். அதை நான் சொல்லவில்லை.

அந்தத் தபால் பெட்டிக்கு வந்தோம். காரில் யார் இருந்தார்கள் என்று கேட்டார். பிரகதி இருந்தாள், பின்சீட்டில். மூன்று வயது, தூங்கிக்கொண்டிருந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. பாத்திரம் கழுவ ஒத்தாசையாக இருந்துவிட்டு வருகிறேன், பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிட்டது, முரளியை வண்டி ஓட்ட அனுப்புகிறேன் என்று செண்பகம் சொன்னாள். முரளி எதற்கு, நான்தான் தெளிவாக இருக்கிறேனே என்று நான் தூக்கிக்கொண்டு வந்தேன். இதையும் நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

கடைசியில் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. நாற்பத்தொரு நாள் முடிகிறவருக்கு நாற்பத்திரண்டாவது நாள் ஏன் முடிவதில்லை?"

"அன்று கழுத்தில் மாலை இருக்காதே, டாக்டர்."

இதைவிட எளிமையாக எப்படி விளக்குவது? அவர் பேனாவை மறுபடி திறந்து நிறைய நேரம் எழுதினார். என்னை நன்றாக அறிந்த இரண்டு பேரிடம் போனில் பேச வேண்டும் என்றார். குருசாமி பெயரையும் செண்பகம் பெயரையும் கொடுத்தேன். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொள்ள என்னிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் 6, சனி

பஜனை முடிந்ததும் குருசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகமெல்லாம் மலர்ச்சி.

"சாமி, அந்தம்மா கூப்பிட்டிருந்தாங்க. உங்களப் பத்தி ரொம்ப உசத்தியாச் சொல்லிருக்கேன்."

"என்ன சாமி சொன்னீங்க?"

"எங்க கூட்டத்துலயே இவரு விரதந்தான் பெருசுன்னேன். மத்தவனுக்கெல்லாம் இதுல என்ன கஷ்டம் இருக்கு? கறியை விடணும், அவ்வளவுதான். இவரு விடறதுதான் பெரிய விஷயம்னேன். போன வருஷம் மாலை இறக்கின அன்னைக்கு நாலு பேரு தூக்கிட்டுப் போயி கார்ல வெச்சோம், அப்பேர்ப்பட்ட ஆளு ஒரு மண்டலம் தொடாம இருக்காருன்னா ஐயப்பன் சக்தி எப்பேர்ப்பட்டதுன்னு பாத்துக்கோங்கம்மான்னேன்."

"நாலு பேரா?"

"மூர்த்தியச் சேத்தா அஞ்சு."

அவர் ஐயப்பனுக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிட்டார். எனக்குத்தான் கிடைக்குமா என்று தெரியவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

டாக்டர் நார்டின் செண்பகத்தைக் கூப்பிடப்போவது எனக்கு முன்பே தெரியும். காலையில் அடுப்படியில் நின்று அவளுக்குப் பாடம் எடுத்தேன். வார இறுதியில் மட்டும் என்று சொல்ல வேண்டும், ‘எப்போதாவது’ என்று சொல்லலாம், அது அவர்களுக்குப் பழகிய சொல்.

"பொய் சொல்லச் சொல்லுதீங்களா, சாமி?"

"பொய் இல்ல. சுருக்கமாச் சொல்லு."

போன் வந்ததும் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சோறு ஆறும்வரை பேசினாள். துணி மடிக்கும் சாக்கில் நான் கதவருகே போய் நின்றேன். அவள் குரல் கேட்கவில்லை. ஒரு தடவை மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் வந்தது. வெளியே வந்ததும், என்ன கேட்டாங்க என்றேன். "கேட்டதுக்குச் சொன்னேன்" என்றாள். ஜலதோஷம் பிடித்திருக்கும்போல.

டிசம்பர் 13, சனி

டேல் கூப்பிட்டார். வானம் தெளிவாக இருக்கிறது, வா என்றார். அவர் பக்கத்தில் உட்கார நான் ஓட்டினேன். மேலே போனால் கான்சாஸ் ஒரு சதுரங்கப் பலகை. வெள்ளை வயல், கருப்புச் சாலை. இறங்கும்போது சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை. டேல் தொப்பியை மட்டும் சரிசெய்துகொண்டார், அவர் பாராட்டுவது அப்படித்தான். சந்தோஷமாக இருந்தது. கேலி இல்லை, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. இது எனக்கு வேண்டும்.

டிசம்பர் 19, வெள்ளி

டாக்டர் நார்டின் போனில் கூப்பிட்டு அறிக்கையின் சாரத்தைச் சொன்னார். நோய் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். கண் கழுகு, காது முயல் என்று எழுதிக்கொடுத்த உடம்பைப் பார்த்து நோய் என்கிறார்.

ஒரு வருஷம் அடியோடு நிறுத்த வேண்டும். தினமும் காலையில் ஓர் எண்ணுக்குப் போன் செய்தால் இன்று சோதனைக்கு வர வேண்டுமா வேண்டாமா என்று இயந்திரம் சொல்லும். வாரம் ஒருநாள் கூட்டத்தில் உட்கார வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் வருஷக் கடைசியில் அவரே மேலிடத்துக்குப் பரிந்துரை எழுதுவார். மாட்டேன் என்றால் விண்ணப்பத்தை மூடிவிடலாம், வற்புறுத்தல் இல்லை.

தபால் பெட்டியை இடித்தவனுக்கு ஒரு வருஷ விரதமா? ஐயப்பனே ஒரு மண்டலத்தோடு விட்டுவிடுகிறார்.

டிசம்பர் 21, ஞாயிறு

இரண்டு நாள் யோசித்து ஒரு பெரிய முடிவுக்கு வந்தேன். விமானம் வேண்டாம். குடும்பஸ்தனுக்கு எதற்கு இந்த விளையாட்டு? காற்று, மழை, இன்ஜின் கோளாறு. எனக்கு ஒன்று ஆனால் இவர்கள் கதி? தியாகம் செய்கிறவனின் அமைதி முகத்தில் இருக்கிறதா என்று குளியலறைக் கண்ணாடியில் சரிபார்த்துக்கொண்டு மேலே அடுப்படிக்குப் போனேன். செண்பகம் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

"பறக்கிறத விட்டுறலாம்னு இருக்கேன். உங்களுக்காகத்தான்."

அவள் கரைப்பதை நிறுத்தவில்லை.

"எங்களுக்காகவா?"

"பின்ன?"

"குடிக்கிறதுக்காகப் பறக்கிறத விடுதீங்க. அதுக்கு எங்க பேரை ஏன் இழுக்கீங்க?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது பத்து பதில்கள் தோன்றுகின்றன. அப்போது, "அந்தம்மாகிட்ட என்னதான் சொன்ன?" என்று கேட்டேன். அவள்தான் கெடுத்துவிட்டாள் என்ற கோபம்.

கையை அலம்பித் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவருக்கு விரதம் கஷ்டமா இருக்குமான்னு கேட்டாங்க. அவருக்கு எப்படின்னு தெரியாது, எனக்கு எப்படின்னு சொல்லுதேன்னேன். வருஷத்துல இந்த ஒரு மண்டலந்தான் நான் கண்ண மூடித் தூங்குதேன்னு சொன்னேன்."

"மத்த நாள் தூங்கலயா?"

"மத்த நாள் நீங்க மூச்சு விடுதீங்களான்னு பாத்துக்கிட்டுக் கெடப்பேன். மல்லாந்துட்டீங்கன்னா ஒருக்களிச்சுத் திருப்பி விடணும். வாந்தி வந்தா அடைச்சுக்கிடும்னு அன்னைக்கு ஆஸ்பத்திரில சொன்னாங்கல்ல?"

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வாயைத் திறந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இரவுகளில் என்னைத் திருப்பிப் போடுவது யார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. காலையில் எப்போதும் சுவரைப் பார்த்து எழுந்திருப்பேன், என் படுக்கைப் பழக்கம் அப்படி என்று நினைத்திருந்தேன்.

"சாமி, தோசை ஊத்தவா?" என்றாள். அப்போதும் சாமி என்றுதான் சொன்னாள்.

டிசம்பர் 23, செவ்வாய்

டாக்டர் நார்டினுக்குப் போன் செய்து சரி என்றேன். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை. அசிங்கமாக இருக்கிறது.

டிசம்பர் 27, சனி

குருசாமி வீட்டில் மண்டல பூஜை. மாலையை இறக்க வரிசையில் நின்றோம். என் முறை வந்தபோது மெதுவாகக் கேட்டேன்.

"குருசாமி, இதைக் கழட்டாம அப்படியே போட்டுக்கிட்டு இருந்தா என்ன?"

"அடுத்த கார்த்திகை வரைக்குமா? உங்க வீட்டம்மா என்ன பாவம் பண்ணுச்சு, சாமி? நாப்பத்தொரு நாளு ஐயப்பனுக்கு. மிச்சம் உங்க பாடு."

கழற்றிவிட்டார். சட்டை போடாமல் தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது.

பூஜை முடிந்ததும் கீழ்த்தளத்தில் வழக்கமான கச்சேரி. மூர்த்தி என்னைக் கேட்காமலேயே ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினான். எனக்குப் பிடித்த அளவு அவனுக்கு அத்துப்படி. மருந்து சாப்பிடுகிறேன் என்றேன். எத்தனை நாளைக்கு என்றான். ஒரு வருஷம் என்றதும், "அப்படி ஒரு மருந்தா?" என்று சிரித்தான், மற்றவர்களும் சிரித்தார்கள். கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன். பெண்கள் இருந்த பக்கம் போய் அரவணைப் பாயசம் மூன்று கிண்ணம் சாப்பிட்டேன். தெளிவாகத்தான் இருந்தேன், ஆனால் அந்த வாசனை மூக்கைவிட்டுப் போகவே இல்லை. அதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது?

டிசம்பர் 28, ஞாயிறு

காலையில் முதல் தடவையாக அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். செண்பகம் இட்லித் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன சொல்லுது?"

"இன்னைக்கு வர வேண்டாமாம்."

"அப்ப?"

"அப்பவும் குடிக்க மாட்டேன்."

அவள் இட்லி வைத்தாள். நம்பினாளா என்று தெரியாது. என் பேச்சை நானே இன்னும் முழுசாக நம்பவில்லை.

கை நடுங்கவில்லை. ஆனால் எதைப் பிடித்தாலும் வேறு எதையோ பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கராஜைக் கூட்டினேன். குளிர்பெட்டியைக் கழுவி வெயிலில் வைத்தேன். பிரகதியின் சைக்கிளுக்குக் காற்றடித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். மாலை இல்லாத நாள் என்பதால் செண்பகம் என்னைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்தால் அவள் தலை திரும்பியது. உட்கார்ந்தால் டிவிக்குப் போனது. பாத்திரம் கழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டே எழுந்து போனேன், சத்தம் வரும்படி கழுவினேன்.

திடீரென்று கூடத்திலிருந்து ஒரு கரகரப்பு. டிவிக்குத்தான் ஏதோ இன்ஜின் கோளாறு என்று நினைத்து ஈரக்கையோடு ஓடினேன். சோபாவின் கைப்பிடியில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, செண்பகம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். பிரகதி உதட்டில் விரல் வைத்து என்னைப் பேச வேண்டாம் என்றாள்.

விரதத்தில் நான் அடித்தளத்துப் பாயில் கிடப்பேன். மற்ற நாட்களில் எனக்கு முன்னால் அவள் கண்ணை மூடியதில்லை. கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் ஆகிறது. என் மனைவி குறட்டை விடுவாள் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.